தலையாட்டும் ஏஐ-யை வழிக்குக் கொண்டுவரும் சில வரிகள்!

'சர்க்கரை நோய் இருப்பவர்கள் காலையில் என்ன சாப்பிடலாம்?' - ஏஐ செயலி ஒன்றிடம் இதைக் கேட்டால், பல நேரம் ஓட்ஸ், அவகாடோ, கிரீக் யோகர்ட், கினோவா என்று பட்டியல் வந்து விழும். பதில் தப்பில்லை. ஆனால், கேட்டவர் வீட்டு அடுப்படியில் இருப்பதோ கேழ்வரகு மாவும், பாசிப்பயறும், முருங்கைக்கீரையும்!

'மின்னோட்டம் என்றால் என்ன?' என்று பத்தாம் வகுப்பு மாணவி கேட்டால், கல்லூரிப் பாடம் போல நாலு பக்கம் வருகிறது. 'வீட்டுக்கடனைச் சீக்கிரம் அடைக்க என்ன வழி?' என்று கேட்டால், டாலரில் உதாரணம் சொல்கிறது. செயலிக்கு விஷயம் தெரியாததால் இப்படி நடப்பதில்லை. கேட்பவர் யார் என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அதைத் தெரியப்படுத்துவதற்கென்றே செட்டிங்ஸில் ஓர் இடம் இருக்கிறது. தினமும் ஏஐ-யுடன் பேசுபவர்களில்கூடப் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எட்டிப் பார்க்கிற சிலரும், அங்கே எழுத வேண்டிய முக்கியமான வரியை விட்டுவிடுகிறார்கள்.

அளவு நோட்டு

பழக்கமான தையல் கடையில், ஒவ்வொரு முறையும் அளவு எடுக்க மாட்டார்கள். நோட்டைப் புரட்டுவார்கள். தோள் இவ்வளவு, கை இவ்வளவு, கழுத்து கொஞ்சம் இறக்கம் வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். ஏஐ செயலியில் அந்த அளவு நோட்டுதான் 'கஸ்டம் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்'.

2022 நவம்பர் 30-ம் தேதி வெளியான சாட்ஜிபிடியில், தொடக்கத்தில் இந்த வசதி கிடையாது. புதிய உரையாடல் ஒவ்வொன்றிலும் 'நான் ஒரு டீச்சர், மூணாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன்' என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. 2023 ஜூலையில், சந்தா கட்டியவர்களுக்கு இந்த வசதியை அதன் நிறுவனமான ஓப்பன்ஏஐ அறிமுகம் செய்தது. அடுத்த மாதமே இலவசமாகப் பயன்படுத்துபவர்களுக்கும் அது திறந்துவிடப்பட்டது.

அப்போது இரண்டு பெட்டிகள் இருந்தன. 'உங்களைப் பற்றி நான் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?' என்று ஒன்று கேட்டது. 'நான் எப்படிப் பதில் சொல்ல வேண்டும்?' என்று இன்னொன்று கேட்டது. திரையின் தோற்றம் பிறகு மாறியிருந்தாலும், எழுத வேண்டியது இந்த இரண்டு கேள்விகளுக்கான பதிலைத்தான்.

சாட்ஜிபிடியில் 'செட்டிங்ஸ்' போய் 'பெர்சனலைசேஷன்' என்பதைத் தொட்டால் இந்த இடம் கிடைக்கும். ஜெமினி, க்ளாடு போன்ற மற்ற செயலிகளிலும் இதே வசதி வேறு வேறு பெயர்களில் உண்டு. அப்டேட்டுக்கு அப்டேட் பெயரும் இடமும் மாறும் என்பதால், செட்டிங்ஸில் கொஞ்சம் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இதையும் 'மெமரி' என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாட்ஜிபிடியில் 2024 பிப்ரவரியில் சோதனை முறையில் வந்த மெமரி, பேச்சுவாக்கில் நீங்கள் சொல்வதிலிருந்து சிலவற்றை அதுவாகவே குறித்து வைத்துக்கொள்ளும். கஸ்டம் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் முழுக்க முழுக்க நீங்கள் உட்கார்ந்து எழுதுவது. என்ன எழுதினீர்களோ, அதுதான் இருக்கும்.

திரைக்குப் பின்னால் நடப்பது

நீங்கள் எழுதும் குறிப்பு ஏஐ-யின் 'மூளைக்குள்' போய் உட்கார்ந்துவிடுவதில்லை. நீங்கள் கேள்வி கேட்கும்போது, அந்தக் குறிப்பையும் சேர்த்துச் செயலி அனுப்பிவைக்கிறது. உங்கள் கண்ணுக்கு அது தெரியாது. ஏஐ மாடல் முதலில் குறிப்பைப் படிக்கிறது, பிறகு உங்கள் கேள்வியைப் படிக்கிறது, இரண்டையும் வைத்துப் பதிலின் அடுத்தடுத்த சொற்களைக் கணிக்கிறது.

இந்த ஒரு விஷயம் புரிந்தால், குறிப்பை எப்படி எழுத வேண்டும் என்பதும் புரிந்துவிடும். எல்லாக் கேள்விகளோடும் சேர்ந்து போகிற குறிப்பு என்பதால், எல்லாக் கேள்விகளுக்கும் பொருந்துவது மட்டும்தான் அதில் இருக்க வேண்டும். அடுத்த வாரம் நடக்கும் வளைகாப்புக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை அங்கே எழுதினால், கணக்குப் பாடச் சந்தேகத்துக்கு நடுவிலும் வளைகாப்பு வந்து நிற்கலாம்.

அதேபோல, உரையாடல் நீண்டுகொண்டே போனால் முதலில் படித்த குறிப்பின் பிடி தளர்வதும் உண்டு. 'சுருக்கமாகச் சொல்' என்று எழுதியிருந்தும், நாற்பதாவது கேள்வியில் பக்கம் பக்கமாகப் பதில் வந்தால் அதற்கு இது காரணமாக இருக்கலாம். புதிய உரையாடல் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தமிழில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வசதி அறிமுகமானபோது, பெட்டி ஒன்றுக்கு 1,500 எழுத்துகள் என்று வரம்பு இருந்தது. 'நீங்கள்' என்ற சொல் நம் கணக்கில் நான்கு எழுத்து. கம்ப்யூட்டர் கணக்கிலோ புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனி என்பதால் அதுவே ஏழு! அதனால் தமிழில் எழுதினால் பெட்டி சீக்கிரம் நிரம்பும். 'தயவுசெய்து', 'உங்களால் முடிந்தால்' போன்றவற்றை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருவது நல்லது.

உங்களைப் பற்றி எதைச் சொல்வது?

ஜாதகம் முழுவதும் தேவையில்லை. 'இது தெரிந்தால் பதில் மாறுமா?' என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுப் பார்த்தால் போதும். மாறும் என்றால் எழுதலாம்.

ஊர் என்று பார்த்தால், 'தமிழ்நாட்டில் ஒரு சிறிய நகரம்' என்றாலே நிறைய மாறும். விலை ரூபாயில் வரும். தொகை மில்லியனுக்குப் பதில் லட்சம், கோடியில் வரும். வெயில் செல்சியஸில் வரும். செடி வளர்க்கும் யோசனை பனிக்காலத்தை விட்டுவிட்டு ஆடிப்பட்டத்துக்கு வரும்.

வீட்டில் என்ன இருக்கிறது என்பதும் உதவும். 'ஓவன் இல்லை. குக்கர், மிக்ஸி, கிரைண்டர், இட்லிப் பாத்திரம் உண்டு. நாலு பேருக்குச் சமையல். செவ்வாய், வெள்ளி அசைவம் கிடையாது' என்று எழுதினால், சமையல் குறிப்பு கேட்கும்போது ஓவனைச் சூடு பண்ணச் சொல்லாது.

எந்த அளவுக்குத் தெரியும் என்பதைச் சொல்வதுதான் மிகவும் முக்கியம். 'தையல் தொழிலில் இருபது வருஷ அனுபவம். ஆனால், ஜி.எஸ்.டி, ஆன்லைன் விற்பனை எதுவும் தெரியாது' என்ற ஒரே வரியில், எதை விளக்க வேண்டும், எதை விளக்கத் தேவையில்லை என்று இரண்டுமே வந்துவிடுகிறது. பள்ளி மாணவர் என்றால் வகுப்பையும், சமச்சீர் பாடத்திட்டமா, சி.பி.எஸ்.இ-யா என்பதையும் எழுதலாம்.

எப்படிப் பதில் வேண்டும்?

இங்கேதான் பலரும் 'நன்றாகப் பதில் சொல்', 'தெளிவாக எழுது' என்று எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். மோசமாகப் பதில் சொல் என்று யாராவது எழுதுவார்களா என்ன? இந்த மாதிரி வரிகளால் பெரிதாக எதுவும் மாறாது. அளந்து பார்க்கக்கூடிய மாதிரி சொன்னால்தான் மாறும்.

'சுருக்கமாகச் சொல்' என்பதைவிட, 'முதல் இரண்டு வரியில் பதிலைச் சொல். விவரம் வேண்டுமானால் நான் கேட்கிறேன்' என்பது வேலை செய்யும்.

'நல்ல தமிழில் எழுது' என்பதைவிட, 'பத்திரிகையில் வருவது போன்ற எளிய தமிழில் எழுது. புழக்கத்தில் இருக்கும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுது. நான் தங்கிலீஷில் கேட்டாலும் தமிழ் எழுத்தில் பதில் சொல்' என்பது வேலை செய்யும்.

'இப்படிச் செய்யாதே' என்று மட்டும் சொல்வதைவிட, 'அதற்குப் பதில் இப்படிச் செய்' என்று சேர்த்துச் சொல்வது நல்லது. 'பட்டியல் போடாதே' என்பதோடு, 'பத்தியாக எழுது' என்றும் எழுதிவிடலாம். ஒன்றுக்கொன்று முட்டும் வரிகள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வரியில் 'சுருக்கமாக' என்றும், இன்னொரு வரியில் 'ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும்' என்றும் எழுதினால், ஏஐ இரண்டில் ஏதோ ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ளும்.

ஜால்ரா போடும் ஏஐ

மேலே சொன்னதெல்லாம் வசதிக்கு. இனி வருவதுதான் பணத்தையும் உடம்பையும் தொடும் விஷயம்.

'நகையை அடகு வைத்து டீக்கடை போடலாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். எப்படி இருக்கிறது யோசனை?' என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப் பெரியவர்கள் என்றால், 'வட்டி எவ்வளவு? அந்தத் தெருவில் ஏற்கெனவே எத்தனை கடை? வாடகைக்கு அட்வான்ஸ் எவ்வளவு?' என்று குடைந்து எடுத்துவிடுவார்கள். ஏஐ பெரும்பாலும் 'அருமையான யோசனை!' என்றுதான் ஆரம்பிக்கும். கேள்வியிலேயே ஆசை தெரிந்துவிட்டால், பதிலும் அந்தப் பக்கமே சாயும்.

இதற்குக் காரணம், அதைப் பழக்கிய விதம். ஏஐ-யின் பதில்களை மனிதர்கள் பார்த்து, 'இது பிடித்திருக்கிறது, இது பிடிக்கவில்லை' என்று சொல்லச் சொல்ல, பிடித்த பதிலை நோக்கி அது செதுக்கப்படுகிறது. பாராட்டும், ஆமோதிப்பும் யாருக்குத்தான் பிடிக்காது? அதனால் தலையாட்டும் பழக்கமும் அதற்குள் சேர்ந்துவிடுகிறது.

இது வெளிப்படையாகச் சந்தி சிரித்ததும் உண்டு. 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடியின் ஜிபிடி-4ஓ மாடலுக்கு ஓர் அப்டேட் வந்தது. எதைச் சொன்னாலும் அது புகழ்ந்து தள்ளுகிறது என்று உலகம் முழுக்கப் பயன்படுத்துபவர்கள் பதிவு போட, அளவுக்கு மீறிப் புகழ்கிறது என்பதை ஓப்பன்ஏஐ நிறுவனமே ஒப்புக்கொண்டு சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது.

அப்படிப்பட்ட ஏஐ-யிடம், 'எப்போதும் எனக்கு உற்சாகம் கொடு, பாசிட்டிவாகவே பேசு' என்று குறிப்பும் எழுதிவைத்தால் என்ன ஆகும்? சும்மாவே தலையாட்டுவதற்குச் சலங்கையும் கட்டிவிட்ட கதைதான். மனசு சோர்ந்திருக்கும்போது ஆறுதலாக இருக்கும். கடன் வாங்கும்போது காலை வாரிவிடும்.

அதனால் குறிப்பில் கட்டாயம் இருக்க வேண்டியது இந்த மாதிரி ஒரு வரி: 'நான் சொல்வதில் தவறு இருந்தால் நேரடியாகச் சொல். பணம், உடல்நலம், படிப்பு பற்றி நான் ஒரு முடிவைச் சொன்னால், அதில் உள்ள முக்கியமான ஆபத்துகளை முதலில் சொல். பிறகு சாதகமானதைச் சொல்.'

இங்கேயும் அளவு உண்டு. 'நான் எது சொன்னாலும் மறுத்துப் பேசு' என்று எழுதிவிட்டால், சரியாகச் சொன்னதற்கும் குதர்க்கம் பேசும். அதுவும் ஒருவகை ஜால்ராதான். நீங்கள் கேட்டுக்கொண்டதற்காக அது சண்டை போடுகிறது, அவ்வளவுதான்.

'நீ ஒரு டாக்டர்' என்று எழுதினால்...

'நீ 30 வருஷ அனுபவமுள்ள மருத்துவர்', 'நீ உச்ச நீதிமன்ற வழக்கறிஞர்' என்று தொடங்கும் குறிப்புகள் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகின்றன. இதை எழுதினால் மாறுவது பெரும்பாலும் பேச்சு நடைதான். மருத்துவர் பேசுவது மாதிரி, வழக்கறிஞர் பேசுவது மாதிரி பதில் வரும். ஆனால், அந்த ஒரு வரியால் அதற்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடாது. நாடகத்தில் போலீஸ் வேஷம் போட்டவர் யாரையும் கைது செய்ய முடியாது அல்லவா? முன்பு தயங்கித் தயங்கிச் சொன்னதையே இப்போது அடித்துச் சொல்லும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

2023-ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் நடந்தது இதற்குப் பாடம். ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் பழைய தீர்ப்புகள் சில மேற்கோளாகக் காட்டப்பட்டிருந்தன. தேடிப் பார்த்தால் அப்படித் தீர்ப்புகளே இல்லை. சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிக் கொடுத்தவை அவை. 'இது உண்மையான வழக்குதானா?' என்று வழக்கறிஞர் ஒருவர் அதனிடமே கேட்டிருக்கிறார். 'ஆமாம்' என்று அதுவும் சொல்லியிருக்கிறது! நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

'தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். உறுதி இல்லாத இடத்தை உறுதி இல்லை என்று குறிப்பிடு' என்று எழுதிவைப்பது நல்லது. தயங்க வேண்டிய இடத்தில் அது தயங்குவதற்கு இது ஓரளவு உதவும். ஆனால், இதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. தான் சொல்வது தப்பு என்று அதற்கே தெரியாதபோது, 'தெரியாது' என்று எப்படிச் சொல்லும்? இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு, எவ்வளவு நல்ல குறிப்பு எழுதியிருந்தாலும், கடைசிப் பதில் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோதான்.

எழுதவே கூடாதவை

ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு, பாஸ்வேர்டு, முழு முகவரி, குழந்தைகளின் பெயரும் பள்ளியும்... இவை எதுவும் குறிப்பில் வேண்டாம். இவை இல்லாமலேயே பதில் சரியாக வரும். 'எட்டு வயதுப் பெண் குழந்தை' என்றால் போதும். பெயர் எதற்கு?

கஸ்டம் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸில் எழுதுவதைத் தன் மாடலை மேம்படுத்தவும் பயன்படுத்தலாம் என்று அறிமுகத்தின்போதே ஓப்பன்ஏஐ சொல்லியிருந்தது. அது வேண்டாம் என்றால், செட்டிங்ஸில் 'டேட்டா கன்ட்ரோல்ஸ்' பகுதியில் அதை நிறுத்தி வைக்கலாம்.

நம் வீடுகளுக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே போன், ஒரே அக்கவுன்ட், மொத்தக் குடும்பமும்! பாட்டிக்காக எழுதிவைத்த 'சர்க்கரை உண்டு, உப்பு குறைவாக' என்ற குறிப்பு, பேத்தியின் பிறந்தநாள் கேக் செய்முறையிலும் எட்டிப் பார்க்கும். பல பேர் பயன்படுத்தும் அக்கவுன்ட் என்றால், ஊர், மொழி, அளவு முறை என்று பொதுவானதை மட்டும் எழுதிவிட்டு, 'உடல்நலம், படிப்பு பற்றிய கேள்வி என்றால் யாருக்காக என்று முதலில் கேள்' என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. சாட்ஜிபிடியைப் பயன்படுத்த 13 வயது ஆகியிருக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் அனுமதி வேண்டும் என்ற விதியையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மாதிரிக் குறிப்பு

காப்பி செய்து, உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

*'தமிழ்நாட்டில் ஒரு சிறிய நகரத்தில் இருக்கிறேன். வீட்டில் நாலு பேர். வீட்டிலிருந்தே தையல் தொழில் செய்கிறேன். தொழில் நன்றாகத் தெரியும். கணக்கு, வரி, ஆன்லைன் விஷயங்கள் புதிது.*

*எளிய தமிழில், தமிழ் எழுத்தில் பதில் சொல். தொகையை ரூபாய், லட்சத்தில் சொல். முதல் இரண்டு வரியில் பதில், பிறகு காரணம். கேள்வி தெளிவாக இல்லை என்றால் பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேள்.*

*பாராட்டோடு தொடங்காதே; நேராக விஷயத்துக்கு வா. நான் சொல்வது தவறு என்றால் தவறு என்று சொல், காரணத்தோடு. பணம், உடல்நலம் சம்பந்தப்பட்ட முடிவு என்றால் ஆபத்தை முதலில் சொல். உறுதி இல்லாததை உறுதி இல்லை என்று குறிப்பிடு. சட்டம், வரி, மருந்து என்றால் யாரிடம் சரிபார்க்க வேண்டும் என்றும் சொல்.'*

எழுதி முடித்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும். வழக்கமாகக் கேட்கும் மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டு, குறிப்பு இல்லாமல் ஒரு முறை, குறிப்போடு ஒரு முறை கேட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்று, வேண்டுமென்றே தப்பாகக் கேட்பதாக இருக்கட்டும். 'மாதம் 10 சதவிகிதம் லாபம் தரும் திட்டத்தில் சேமிப்பு முழுவதையும் போடப் போகிறேன், சந்தோஷமாக இருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். வாழ்த்து சொன்னால் குறிப்பில் இன்னும் வேலை இருக்கிறது. 'நில்லுங்கள், இவ்வளவு லாபம் எப்படி வரும்?' என்று தடுத்தால் சரியான திசையில்தான் போகிறீர்கள். பிடிக்காத பதில் வந்தால், மொத்தத்தையும் மாற்றாமல் ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றினால்தான், எந்த வரியால் என்ன மாறியது என்று தெரியும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறிப்பைத் திறந்து பார்ப்பதும் நல்லது. பத்தாம் வகுப்பு முடிந்திருக்கும், தொழில் மாறியிருக்கும், வீட்டில் ஓவனே வந்திருக்கும். பழைய அளவில் தைத்தால் சட்டை இறுகத்தான் செய்யும்.

சம்மதம் சொல்ல நம்மைச் சுற்றி ஆட்கள் நிறைய. கையில் இருக்கும் போனாவது, கையெழுத்துப் போடுவதற்கு முன் 'வட்டி எவ்வளவு?' என்று கேட்கட்டுமே!